பேரேடும் பிரட்டுக்களமும்: மலையகத் தோட்டங்களில் கணக்கியல் – இறைவரிப் பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தோட்டப்புறங்களிலே வழங்கும் 'பேர்' என்னுஞ் சொல்லுக்குப் பொதுவழக்கில் இல்லாத ஒரு பொருளுண்டு. ஒருநாள் உழைப்புக்குரிய முழுச் சம்பளத்தைத் தொழிலாளர் 'ஒரு பேர்' என்பர். குறித்த அளவு கொழுந்து நிறுவையிற் சேராதவிடத்து அவர்களுக்கு விழுவது 'அரைப்பேர்'. பிரட்டுக்களத்தில் ஆளெடுத்து, செக்ரோல் எனப்படும் பதிவேட்டிற் பெயர் எழுதப்பட்டாலன்றி அன்றைய உழைப்பு உழைப்பாகாது. மனிதரின் பெயரும் அவரது நாட்சம்பளமும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்ட இவ்வழக்கு வெறும் மொழியியற் செய்தியன்று. ஓர் உற்பத்தி உறவு சொல்லாக உறைந்து நிற்பதன் சான்று அது.

அப்பதிவேட்டை எழுதுவோர் யாவர்? எழுதுவதற்கு அவர்கள் எங்கே பயின்றனர்? அப்பயிற்சி யாருக்குக் கிடைக்கின்றது, யாருக்குக் கிடைப்பதில்லை? மலையகக் கல்வி பற்றிய ஆய்வுகள் ஆசிரியர் பற்றாக்குறையையும் பல்கலைக்கழக அனுமதியையும் விரிவாக ஆராய்ந்தனவாயினும், இவ்வினாக்களுக்கு உரிய இடம் கொடுக்கவில்லை. இதற்கிடையில், ஊழியர் ஒருவரை வேலையில் வைத்துக்கொண்டே கணக்கியல், இறைவரி ஆகிய இரு துறைகளிலும் ஒருங்கே தொழிற்றகைமை பெறச்செய்யும் இணைப் பயிற்சிமுறை இங்கிலாந்து போன்ற நாடுகளில் நிலைபெற்றுள்ளது. அம்முறை யாது, அவ்விரு துறைகளும் இணையவேண்டியது ஏன், அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களுக்கு அதனாற் பெறப்படும் பாடம் யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கணக்கு எவர் கையில் இருந்தது

முதலில் வரலாற்றை நோக்குவோம். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தொழிலாளரைத் திரட்டி வந்த கங்காணி ஆட்சேர்ப்பாளன் மட்டுமல்லன். கணக்கு வைத்திருந்தவனும் அவனே. வழிச்செலவு, அரிசி, கம்பளி, கலியாணம், சாவு ஆகிய யாவும் முற்பணமாக அவனது ஏட்டிற் பதிவாயின. நெடுங்காலம் சம்பளம் பெரும்பாலும் அவன் கைவழியாகவே தொழிலாளரைச் சென்றடைந்தது. கடன் கழிக்கப்பட்ட பின் எஞ்சியதே கூலியாயிற்று. எவ்வளவு கடன் எடுத்தோம், எவ்வளவு கழிந்தது என்பதை அறியத் தொழிலாளரிடம் வேறு ஏடு இருக்கவில்லை.

இக்கடனே 'துண்டு' முறைக்கும் அடிப்படையாயிற்று. குறித்த கடன்தொகையைச் செலுத்தினால் கங்காணியையும் அவனது ஆட்களையும் விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு. புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்து ஆட்களைப் பெற்றுக்கொண்டது; கடனோ தொழிலாளரின் தலையில் தொடர்ந்தது. ஆக, ஒரு கணக்குப் பதிவு மனிதரைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றும் ஆவணமாகவே செயற்பட்டது. 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927 இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. கங்காணியின் ஏடு படிப்படியாக வலுவிழந்தது. அவ்விடத்தில் தோட்டக் கந்தோரின் செக்ரோல் மேலோங்கியது.

எனினும், ஏடு மாறியதேயன்றி அதனை வாசிக்குந் திறன் இடம்மாறவில்லை. கணக்கப்பிள்ளை, கிளாக்கர், பெரிய கிளாக்கர் என்னும் படிநிலை லயத்துக்கும் துரை பங்களாவுக்கும் இடையில் நின்றது. எழுத்தறிவோடு வெளியிலிருந்து வந்தோரே இப்பதவிகளிற் பெரும்பாலும் அமர்ந்தனர். தோட்டப் பாடசாலைகளோ நெடுங்காலம் தொடக்க வகுப்புகளுக்கு மேற் செல்லவில்லை; அவற்றை அரசு பொறுப்பேற்கும் பணி 1970களின் பிற்பகுதியிலேயே முனைப்புப் பெற்றது. மலைநாட்டு வாய்மொழிப் பாடல்களிற் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஏச்சுக்கும் எள்ளலுக்கும் இலக்காவதன் காரணத்தை இங்கேதான் தேடவேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் தொகுத்தளித்த அப்பாடல்களைத் தனிமனிதக் கொடுமை பற்றிய முறைப்பாடுகளாக மாத்திரம் வாசிப்பது போதாது. எழுதத் தெரிந்தவனின் ஏட்டைச் சரிபார்க்க வழியற்றிருந்த ஒரு வர்க்கத்தின் குரல் அது.

2. ஒரு வரி, மூன்று வாசிப்பு

கணக்கியலும் இறைவரியும் ஏன் இணையவேண்டும் என்பதை விளங்கிக்கொள்வதற்குச் செக்ரோலின் ஒரேயொரு வரியை எடுத்துக்கொள்வோம். எளிமைக்காக நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாகவும், முழுப்பேருக்குரிய கொழுந்தளவை 18 கிலோவாகவும் கொள்வோம். இவ்வளவு தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் வேறுபடும். ஒரு பெண் தொழிலாளி மாதத்தில் 20 நாள் வேலைக்குச் செல்கின்றார். அவற்றுள் 4 நாள் அரைப்பேராகின்றன. அவரது சம்பளம் 18,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி அவரிடமிருந்து கழிக்கவேண்டிய குறைந்தபட்சம் 8 சதவீதம், அதாவது 1,440 ரூபா. நிருவாகம் தன் பங்காகச் சேர்க்கவேண்டியது 12 சதவீதம், 2,160 ரூபா. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 சதவீதம், 540 ரூபா.

முதல் வாசிப்பு தொழிலாளியுடையது. நான்கு அரைப்பேரால் தாம் இழந்தது 2,000 ரூபா என்றே அவர் கருதுவார். உண்மையில் அத்தொகைக்கு நிருவாகம் செலுத்தவேண்டியிருந்த 15 சதவீதமும், அதாவது 300 ரூபாவும், சேர்ந்தே போய்விட்டது. முதுமையிற் கைக்கு வரவேண்டிய பணம் இன்று நிறுவைத் தட்டிலேயே குறைந்துவிடுகின்றது.

இரண்டாவது வாசிப்பு கணக்காளருடையது. அவருக்கு இது உற்பத்திச் செலவு: 18,000 ரூபாவுடன் 2,700 ரூபா சேர்ந்து 20,700 ரூபா. ஆனால், கணக்காளர் இன்னொன்றையுங் காண்பார். அரைப்பேர் விழுந்த நாளில் அப்பெண் 14 கிலோ பறித்திருந்தால், தோட்டம் அக்கொழுந்தைக் கிலோவொன்றுக்கு ஏறத்தாழ 36 ரூபாச் சம்பளத்துக்குப் பெற்றுவிட்டது. 18 கிலோ பறித்த முழுப்பேர் நாளிலோ கிலோவொன்றுக்கு ஏறத்தாழ 56 ரூபா கொடுக்கவேண்டியிருந்தது. 'வேலை குறைந்தது' எனத் தொழிலாளியிடஞ் சொல்லப்படும் நாள், செலவுக் கணக்கில் மலிவான நாளாகத் தோன்றுகின்றது. உபரி உழைப்பு என்னும் கருத்தைப் பாடநூலில் விளக்குவதைக் காட்டிலும் இவ்வகுத்தற் கணக்கு தெளிவாக விளக்கும்.

மூன்றாவது வாசிப்பு இறைவரி உத்தியோகத்தருடையது. அவருக்கு அந்த 20,700 ரூபா, கம்பனியின் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படக்கூடிய ஒரு செலவு. அது உண்மையிற் செலவிடப்பட்டதா, எந்த ஆண்டுக்குரியது, பயிர்ச்செய்கைக்குரியதா தொழிற்சாலைக்குரியதா என்பனவே அவரது வினாக்கள்.

வரி ஒன்று, வாசிப்பு மூன்று. இம்மூன்றையும் ஒருங்கே அறிந்தவரே தோட்டத்தின் பொருளியலை முழுமையாகக் காணவல்லவர்.

3. கணக்கியலும் இறைவரியும் பிரியுமிடம்

கணக்கியல் கற்றோர் யாவரும் இறைவரியும் அறிந்தவரல்லரோ என ஒருவர் வினவலாம். இரண்டும் ஒரே தரவிலிருந்து தொடங்கினும் வேறுவேறு விதிகளாற் செல்வன. தோட்டத்துக்கு நெருக்கமான மூன்று எடுத்துக்காட்டுகள் இதனைத் தெளிவுபடுத்தும்.

முதலாவது பணிக்கொடை. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, மாதச் சம்பளம் பெறாத தொழிலாளி சேவைக்கால ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம் என்ற கணக்கிற் பணிக்கொடை பெறும் உரிமையுடையவர். கணக்கியல் நியமப்படி, எதிர்காலத்திற் கொடுக்கவேண்டிய இத்தொகையைக் கம்பனி ஆண்டுதோறும் மதிப்பிட்டுப் பொறுப்பாகக் காட்டவேண்டும். இலாபம் அந்த அளவுக்குக் குறையும். இறைவரிச் சட்டமோ, பொதுவிதியாக, உண்மையிற் கொடுக்கப்பட்ட பணிக்கொடையையே செலவாக ஏற்கும். எனவே, ஏட்டில் இலாபத்தைக் குறைத்த தொகை வரிக் கணக்கிற் குறைப்பதில்லை. 'பணிக்கொடைச் சுமையால் நட்டம்' என்னுங் கூற்றைக் கேட்பவர், அது கொடுக்கப்பட்ட பணமா, மதிப்பிடப்பட்ட பொறுப்பா என வினவத் தெரிந்திருக்கவேண்டும்.

இரண்டாவது தேயிலைச் செடி. இன்றைய கணக்கியல் நியமம் தேயிலைச் செடியை இயந்திரம், கட்டடம் ஆகியவற்றோடு ஒத்த நிலைச்சொத்தாகக் கொள்கின்றது. அதில் வளரும் கொழுந்தையே உயிரியற் சொத்தாக வேறுபடுத்துகின்றது. புதுக்கன்று நட்டுப் பயன்தரும்வரை செய்த செலவு அவ்வாண்டுச் செலவாகாது மூலதனமாகச் சேர்ந்து, பின்னர் பல ஆண்டுகளுக்குத் தேய்மானமாகக் கழிகின்றது. குழிவெட்டிக் கன்று நட்டவரின் உழைப்பு கம்பனியின் சொத்துப் பட்டியலில் ஏறுகின்றது என்பதையே இது குறிக்கின்றது. வரிச் சட்டம் இதே செலவுக்குத் தன் சொந்த விதிகளை வைத்துள்ளது.

மூன்றாவது, பயிரையும் தொழிற்சாலையையும் பிரித்தல். இது இலங்கைக்கு மட்டுமுரிய சிக்கலன்று. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நம்மவர் பலர் சென்று குடியேறிய நீலகிரி உட்பட இந்தியத் தேயிலைப் பகுதிகளில், 1962 ஆம் ஆண்டின் வருமான வரி விதிகளுள் 8 ஆம் விதி, தேயிலையைப் பயிரிட்டுத் தயாரித்து விற்பவரின் வருமானத்தில் 40 சதவீதத்தை வணிக வருமானமாகவும் 60 சதவீதத்தை விவசாய வருமானமாகவும் பகுத்தது. கொழுந்து எங்கே முடிகின்றது, தேயிலைத் தூள் எங்கே தொடங்குகின்றது என்ற வினா கோடிக்கணக்கான பணத்தைத் தீர்மானிக்கும் வினாவாகின்றது.

4. இணைத் தகைமையும் அதன் வாயிலும்

இப்பிரிவினையை ஈடுசெய்வதே இணைத் தகைமையின் நோக்கம். இங்கிலாந்து – வேல்ஸ் பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1880 இல் அரச பட்டயம் பெற்றது. இறைவரி ஆலோசகருக்கான நிறுவகம் 1930 இல் உருவானது. நெடுங்காலம் ஒருவர் முதலில் ஒன்றை முடித்துப் பின் மற்றதைப் பயிலவேண்டியிருந்தது. இன்று இரு நிறுவகங்களும் சேர்ந்து நடத்தும் இணைத் திட்டத்தில், ஊழியர் தம் வேலைத்தலத்தின் பயிற்சி ஒப்பந்தத்தின் கீழ் சில ஆண்டுகள் சம்பளத்துடன் உழைத்தவாறே இரண்டுக்கும் பயில்கின்றார். ஒன்றில் தேறிய சில தாள்கள் மற்றதிலும் ஏற்கப்படுவதால் ஒரே பாடத்தை இருமுறை எழுதவேண்டியதில்லை. தேர்வு, மேற்பார்வைக்குட்பட்ட செய்முறை அனுபவம், தொழில் ஒழுக்கம் ஆகிய மூன்றும் நிறைவுறும்போது இரு பட்டங்களும் கிடைக்கின்றன.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பாடநூலை எவரும் வாங்கலாம். தேர்வுக்கு எவரும் விண்ணப்பிக்கலாம். பயிற்சி ஒப்பந்தமோ தொழில்கொள்வோரின் கையில் உள்ளது. கணக்காளர் தொழிலின் வாயிற்கதவு என்றும் இதுவாகவே இருந்துள்ளது. முற்காலத்து இங்கிலாந்தில் பயிற்சி எழுத்தர் சம்பளம் பெறுவதற்குப் பதிலாகத் தம் முதல்வருக்குப் பெருந்தொகை கட்டியே சேரவேண்டியிருந்தது. உழைக்கும் மக்களின் பிள்ளைகள் அவ்வாயிலில் நுழைய முடியவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் 1933 இல் தேர்ச்சிபெற்று இந்தியாவின் முதற் பெண் கணக்காய்வாளராக அறியப்படுகின்றார். விடுதலைப் போராட்டத்திற் சிறைசென்ற அவர் அத்தொழிலில் இடம்பெறுவதற்குத் தேர்வு மாத்திரம் போதுமானதாக இருக்கவில்லை.

இலங்கையில் பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. இங்கும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித்தலத்தில் மேற்பார்வையுடன் பணியாற்றியே தகுதி பெறவேண்டும். 1987 இல் தோன்றிய கணக்கீட்டுத் தொழினுட்பவியலாளர் சங்கம் தமிழிலும் தேர்வெழுத இடமளிப்பதால் இடைநிலைப் படியாகப் பயன்படுகின்றது. ஆயினும், பயிற்சி வழங்கும் பெருங் கணக்காய்வுக் கந்தோர்கள் கொழும்பைச் சுற்றியே உள்ளன. அவற்றின் நடைமுறை மொழி ஆங்கிலம். மலையகப் பாடசாலைகளிற் பலவற்றில் உயர்தரத்துக்குக் கலை, வர்த்தகப் பிரிவுகளே உள்ளன. வர்த்தகம் கற்றுத் தேறிய லயத்துப் பிள்ளை கொழும்புக்குச் சென்று கடையொன்றிற் காசாளராகும் நிலையை நாமறிவோம். அவருக்குக் குறைந்திருப்பது கணித அறிவன்று. மூன்றாண்டுக் காலம் குறைந்த சம்பளத்துடன் கொழும்பில் வாடகை கொடுத்துத் தாக்குப்பிடிக்கும் வசதியே.

5. தோட்டமே பயிற்சித்தலம்

விந்தை யாதெனில், தோட்டம் எப்போதுமே ஊழியரைக் கணக்கிற் பயிற்றியே வந்துள்ளது. பயிலுநர் எழுத்தராகச் சேர்பவர் செக்ரோல் எழுதி, கழிவுகளைக் கூட்டி, களஞ்சிய ஏடு பார்த்து, மாத முடிவுக் கணக்கைத் தலைமையகத்துக்கு அனுப்பப் பழகுகின்றார். அத்துருகிரியவில் உள்ள தேசியப் பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனமும் தோட்ட உத்தியோகத்தருக்குப் பயிற்சிநெறிகளை நடத்துகின்றது. ஆனால், கந்தோரிற் பெறும் அனுபவம் பட்டயத் தகைமைக்கான பயிற்சிக்காலமாகப் பொதுவாக எண்ணப்படுவதில்லை. கணக்கின் அடிப்பாதி தோட்டத்தில் எழுதப்படுகின்றது. இலாபமும் வரியும் கணிக்கப்படும் மேற்பாதி கொழும்பில் எழுதப்படுகின்றது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோதும் சரி, 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் மீண்டுந் தனியார் கம்பனிகளிடம் சென்றபோதும் சரி, இப்பிரிவினை மாறவில்லை.

ஆகவே, இணைப் பயிற்சி முறையிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் அதன் பெயரன்று; அதன் மூன்று நிபந்தனைகளே. முதலாவது, பயிற்சி ஊழியத்தின் பகுதியாக, சம்பளத்துடன் அமையவேண்டும். இரண்டாவது, தோட்டக் கந்தோரும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித்தலமாகி, அங்கே செலவிடும் காலம் தகைமைக்கு எண்ணப்படவேண்டும்; தலைமையகத்தின் இறைவரிப் பிரிவில் ஒரு காலப்பகுதி பணியாற்றும் வாய்ப்பும் அதனோடு இணையவேண்டும். மூன்றாவது, ஒப்பந்தம் தெரிந்தவர் பிள்ளைக்கன்றி, அத்தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் திறந்த தெரிவாகக் கிடைக்கவேண்டும். தொழிற்சங்கங்களும் இதில் வெறும் கோரிக்கையாளராக நிற்கவேண்டியதில்லை. மாதந்தோறும் செக்ரோல்வழி சந்தா பெறும் சங்கம் தன் கந்தோரிலேயே சிலரைப் பயிற்றி வைத்திருக்கலாம்.

இதன் தேவை அண்மைக்கால நிகழ்ச்சிகளால் வலியுறுத்தப்படுகின்றது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவென வர்த்தமானியில் வந்தபோதும், 2024 மே மாதத்தில் 1,700 ரூபாவென வந்தபோதும், கம்பனிகள் தம்மால் இயலாதென்று நீதிமன்றஞ் சென்றன. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என்றாயிற்று. ஒவ்வொரு முறையும் வாதத்தின் மையமாக இருந்தது உற்பத்திச் செலவு. கொழும்புப் பங்குச் சந்தையிற் பதிவான பெருந்தோட்டக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் பகிரங்கமானவை. முகாமைக் கட்டணம், பணிக்கொடைப் பொறுப்பு, தேய்மானம், வரி ஆகிய யாவும் அவற்றில் உள்ளன. அவற்றை வாசித்து மறுகேள்வி கேட்கக்கூடியோர் மறுபக்கத்தில் எத்தனை பேர் அமர்ந்திருந்தனர் என்பதே வினா.

மேலும், சில தோட்டங்களில் நாட்சம்பளத்துக்குப் பதிலாகக் குறித்தளவு செடிகளைக் குடும்பத்திடம் ஒப்படைத்து, கொழுந்துக்கேற்பப் பங்கு கொடுக்கும் முறை பரவி வருகின்றது. உரமும் மருந்தும் முற்பணமாகக் கொடுக்கப்பட்டு வருமானத்திற் கழிக்கப்படுமிடத்து, கங்காணியின் ஏடு வேறு வடிவில் மீளும் ஆபத்துண்டு. தொழிலாளி ஊழியராகவே இருக்கின்றாரா, சேமலாப நிதி தொடருமா என்னும் வினாக்கள் சட்டத்துக்கும் கணக்குக்கும் ஒருங்கே உரியவை. 'வரி நமக்கெதற்கு' என்பாருமுளர். 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபாவுக்குட்பட்ட சம்பளத்துக்கு வருமான வரி இல்லையென்பது உண்மையே. ஆனால், 2024 சனவரி முதல் 18 சதவீதமான பெறுமதி சேர் வரி, பல பொருள்களின் விலைக்குள் மறைந்து நின்று, செக்ரோலில் எழுதப்படாத கழிவாக லயத்திலும் அறவிடப்படுகின்றது.

6. நடேசய்யர் காட்டிய வழி

இவ்விடத்துக் கோ. நடேசய்யரை நினைவுகூர்தல் பொருத்தமாகும். மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியாகவும் 'தேசபக்தன்' ஆசிரியராகவும் அவரை அறிவோர், அவர் தஞ்சாவூரில் வணிகவியல் ஆசிரியராக இருந்ததையும், 'வர்த்தக மித்திரன்' என்னும் இதழை நடாத்தியதையும், கணக்குப் பதிவு பற்றித் தமிழில் நூலெழுதியதையும் பொதுவாக மறந்துவிடுவர். வெளியார் தோட்டங்களுள் நுழையமுடியாதிருந்த அக்காலத்தில் அவர் புடவை வணிகரோடு விற்பனை உதவியாளராகச் சென்று நிலைமைகளைக் கண்டறிந்தாரென அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1931 இல் அட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936 இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். தொழிலாளருக்காக அவர் எழுதிய நூல்கள் சட்டம், ஒப்பந்தம், உரிமை ஆகியவற்றை எளிய தமிழில் விளக்கின. வணிகருக்கு ஏடெழுதக் கற்பித்த கை, தொழிலாளருக்கு அவ்வேட்டை வாசிக்கக் கற்பிக்கும் கையாக மாறியது. இரண்டும் வெவ்வேறு வாழ்க்கைகளல்ல.

இதனாற் பட்டயத் தகைமையொன்றே விடுதலை தந்துவிடும் எனக் கொள்ளலாகாது. தகைமை பெற்றவர் தம் வர்க்கத்தை விட்டு மேலேறிச் சென்றுவிடுவதே வழமை. மேலேறியவர் தம் தாயின் அரைப்பேரைத் தாமே எழுதும் கிளாக்கராகவும் ஆகலாம். ஆனால், கணக்கு முதலாளித்துவத்தோடு ஒழிந்துபோகும் கலையுமன்று. 1885 இல் வெளிவந்த 'மூலதன'த்தின் இரண்டாம் பாகத்தில், பழைய இந்தியக் கிராமச் சமுதாயத்துக் கணக்கரைச் சுட்டிச்செல்லும் மார்க்ஸ், கைத்தொழில் உற்பத்தியைவிட முதலாளித்துவ உற்பத்திக்கும், அதனைவிடக் கூட்டுடைமை உற்பத்திக்கும் கணக்குவைப்பு இன்றியமையாதது என்னுங் கருத்தை முன்வைக்கின்றார். தோட்டம் நாளை எவருடைய உடைமையாயினும் அதன் கணக்கை எழுதவும் சரிபார்க்கவும் வல்லவர் அங்கே வேண்டும்.

ஒன்றரை நூற்றாண்டாக மலையக மக்கள் மற்றவர் எழுதிய ஏட்டிற் பெயராக இருந்துள்ளனர். அவ்வேட்டின் முதல் வரியிலிருந்து இறைவரிக் கூற்றின் கடைசி வரி வரை வாசிக்கத் தெரிந்தோர், தோட்டத்துக்கு ஒருவராயினும், அம்மக்களிடையிலிருந்தே எழும்போது, 'பேர்' என்னுஞ் சொல் தன் பழைய பொருளைச் சிறிது சிறிதாக இழக்கத் தொடங்கும். அவ்விழப்பு நாம் விரும்பி வரவேற்கவேண்டிய ஒன்று.